சாப்பாடும் மனதும்: லத்தீனோ குடியேறிகளிடம் எப்படிப் பேசுவது

கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில், ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே உள்ள ஒரு சமுதாய மருத்துவ மையத்தில் உணவியல் நிபுணராக வேலை பார்க்கிறேன். பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர் நாடுகளிலிருந்து வந்து திராட்சைத் தோட்டத்திலும் பாதாம் தோப்பிலும் ஆரஞ்சுப் பழம் அடைக்கும் கூடங்களிலும் உழைக்கிறவர்கள். லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த இவர்களையும் இவர்கள் வழிவந்தவர்களையும் இங்கே லத்தீனோ என்பார்கள். இந்தப் பகுதி மருத்துவமனைகளுக்குப் பயிற்சிக்கு வரும் தமிழ் மருத்துவர்கள், செவிலியர்கள், சனிக்கிழமைகளில் உணவு வங்கியில் கைகொடுக்க வரும் தமிழ்க் குடும்பங்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது இதுதான்: “டோர்டியாவைக் குறைங்கன்னு சொல்றோம், தலையை ஆட்டுறாங்க. அடுத்த தடவை வரும்போது சர்க்கரை இன்னும் ஏறியிருக்கு. என்ன செய்யறது?” டோர்டியா என்பது சோள மாவிலோ கோதுமை மாவிலோ சுடும் அவர்களுடைய சப்பாத்தி.

நான் திருப்பிக் கேட்பேன்: அவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று கேட்டீர்களா?

பிறந்த ஊரை விட்டு வந்தவரின் சாப்பாடு பெரும்பாலும் தனிமையில்தான் முதலில் கெடுகிறது. தட்டிலும் ரத்தப் பரிசோதனையிலும் அது தெரிவது பிறகுதான். ஆகவே உணவுப் பட்டியலை நீட்டுவதற்கு முன்னால் நடக்க வேண்டிய பேச்சைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதப் போகிறேன். நீங்கள் மருத்துவராக இருந்தாலும் சரி, உணவு வங்கியில் மூட்டை தூக்கும் தன்னார்வலராக இருந்தாலும் சரி, இதில் உங்களுக்கு வேலை இருக்கிறது.

பேசப் போவதற்கு முன்

1998-இல் வில்லியம் வேகாவும் அவருடைய குழுவினரும் இதே ஃப்ரெஸ்னோ கவுண்டியில் மெக்சிகோ வம்சாவளியினர் சுமார் 3,000 பேரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டார்கள். மெக்சிகோவில் பிறந்து இங்கே வந்தவர்களைவிட அமெரிக்காவிலேயே பிறந்தவர்களுக்கு மனநலக் கோளாறுகள் அதிகமாக இருந்தன. வந்தவர்களிலும், 13 ஆண்டுகளுக்குக் குறைவாக இங்கே இருந்தவர்களைவிட அதற்கு மேல் இருந்தவர்களுக்கு அதிகம். சாப்பாட்டை ஆராய்ந்தவர்களும் இதைப் போன்ற ஒரு சரிவையே கண்டார்கள்: புதிதாக வந்தவரின் தட்டில் ராஜ்மா போன்ற பீன்ஸ் பயறும் பழமும் நார்ச்சத்தும் கூடுதல். ஆண்டுகள் போகப்போக அந்த இடத்தைத் துரித உணவும் சர்க்கரைப் பானமும் பிடித்துக்கொள்கின்றன. 2007-இல் மார்கரீட்டா அலெக்ரியா குழு வெளியிட்ட ஆய்வு இரண்டையும் ஒன்றாகப் பார்த்தது. லத்தீனோக்களிடையே பட்டினி கிடந்து உடலை ஒடுக்கும் நோய் அரிது. கட்டுப்பாடு இழந்து அளவுக்கு மீறிச் சாப்பிடும் கோளாறு அதைவிட அதிகம். வாழ்நாளின் பெரும்பகுதியை அமெரிக்காவில் கழித்தவர்களுக்கு உணவுக் கோளாறு வரும் வாய்ப்பும் கூடுதல்.

இதை வைத்து, புதிதாக வந்தவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஊரில் விட்டுவந்த பிள்ளைகள், பார்க்கப் போக முடியாத தாயின் மரணம், எந்த நேரம் யார் கதவைத் தட்டுவார்களோ என்ற பயம், எல்லாம் அவர்களோடுதான் இருக்கின்றன. நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: அவர்கள் கொண்டுவந்த பழக்கத்தில் ஏதோ ஒன்று அவர்களைக் காக்கிறது. ஆரோக்கியம் என்ற பெயரில் நாம் அதைப் பிடுங்கிவிடக் கூடாது.

இன்னொன்று, ‘லத்தீனோ’ என்று ஒரே ஆள் கிடையாது. பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ நகரங்களில் 2008 முதல் 2011 வரை 16,000-க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்த பெரிய ஆய்வில் நீரிழிவு மொத்தத்தில் சுமார் 17 சதவீதம். மெக்சிகோ வம்சாவளியினரிடம் அது 18 சதவீதத்தைத் தாண்டியது, தென் அமெரிக்கர்களிடம் 10 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. தட்டும் அப்படித்தான். மெக்சிகோ வீட்டில் பிண்டோ பீன்ஸ், குவாத்தமாலா வீட்டில் கறுப்பு பீன்ஸ், சால்வடோர் வீட்டில் சின்னச் சிவப்பு பீன்ஸ். எந்த நாடு, எந்த மாநிலம், எந்த ஊர் என்று கேட்பதிலிருந்து தொடங்குங்கள். ஊர்ப் பெயரை அவர் சொல்லும்போதே முகம் கொஞ்சம் இளகும்.

மொழியையும் கேளுங்கள். எங்கள் பள்ளத்தாக்கில் மெக்சிகோவின் வஹாகா மாநிலத்திலிருந்து வந்த பலருக்கு வீட்டு மொழி மிஸ்டெகோ அல்லது திரிக்கி. குவாத்தமாலா மலைக்காரர்களுக்கு மாம், கிச்சே. ஸ்பானிஷ் அவர்களுக்கு இரண்டாம் மொழி. ஸ்பானிஷில் கேட்டதற்கெல்லாம் “சீ, சீ” (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டிக்கொண்டே இருந்தால், புரியவில்லை என்று எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டு மொழிக்கான மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடியுங்கள். உடன் வந்திருக்கும் பத்து வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். அவசர நேரம் தவிர மற்றபடி கூட்டாட்சி விதிகளும் அதைத் தடுக்கின்றன. விதி இல்லாவிட்டாலும், அம்மா இரவில் தூங்காமல் அழுவதை மகன் வாயால் சொல்ல வைப்பது கொடுமை.

ஸ்பானிஷில் பேசுகிறீர்கள் என்றால் ‘உஸ்தெத்’ போட்டுத்தான் பேச வேண்டும், நாம் பெரியவர்களை நீங்கள் என்று சொல்வதுபோல. வயதான பெண்மணியைப் பெயருக்கு முன்னால் ‘தோஞா’ சேர்த்துக் கூப்பிடுங்கள். மருத்துவ அறையில் வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது இந்த நாட்டு வழக்கம். எழுபது வயது பாட்டிக்கு அது மரியாதையாகப் படாது.

எப்படிக் கேட்பது

“மனச்சோர்வு இருக்கிறதா?” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ, பிள்ளைகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் யாரும் தப்பாக நினைப்பதில்லை. அந்த வழியாகவே மனதுக்குப் போகலாம்.

நேற்றைய ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். கண்விழித்தது எப்போது? திராட்சை அறுவடைக் காலத்தில் அது விடிகாலை மூன்றரை மணியாகக்கூட இருக்கும். வாயில் முதலில் போட்டது என்ன? எங்கே நின்று, யாரோடு? அதைச் சமைத்தது யார்? ஊரில் இருந்தபோது இதே நேரத்தில் என்ன சாப்பிட்டிருப்பீர்கள்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மெக்சிகோவின் மிச்சோவகான் மாநிலத்திலிருந்து வந்த ஒரு பெண் இதற்குப் பதில் சொல்லும்போது, தன் மாமியார் விறகடுப்புக் கல்லில் டோர்டியா போடுவதையும், ஆறேழு பேர் சுற்றி உட்கார்ந்து சூடாக வாங்கி வாங்கித் தின்பதையும் கால் மணி நேரம் விவரித்தார். அப்புறம் இங்கே எப்படி என்றேன். வேலையிலிருந்து வந்ததும் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு, அடுப்படியிலேயே நின்றபடி மீதியை வாயில் போட்டுக்கொள்வதாகச் சொன்னார். பசி தெரிவதே இல்லை என்றார். அவருடைய எடை, சர்க்கரை, தூக்கம், அழுகை எல்லாவற்றுக்கும் வழி அந்தப் பதிலில் இருந்தது.

‘நெர்வியோஸ்’ என்ற பேச்சு அடிக்கடி வரும். படபடப்பு, வயிற்றில் முடிச்சு, தலைச்சுற்றல், அழுகை, எரிச்சல் எல்லாம் அதில் அடங்கும். பயத்தால் உயிர் ஆட்டம் கண்டுவிடுவதை ‘சுஸ்தோ’ என்பார்கள். இவை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டிலேயே இடம்பெற்றவை. “சுஸ்தோவினால்தான் எனக்குச் சர்க்கரை வந்தது” என்று பலர் சொல்வார்கள். மறுத்துப் பாடம் எடுக்க வேண்டாம். பெரும் பயத்திலும் நெடுநாள் கவலையிலும் சுரக்கும் ஹார்மோன்கள் சர்க்கரையை ஏற்றுவது உண்மைதான். “அந்தப் பயம் எப்போது வந்தது?” என்று கேளுங்கள். எல்லை தாண்டப் பாலைவனத்தில் நடந்து வந்தது, அண்ணனைப் பிடித்துக்கொண்டு போனது என்று அவர் யாரிடமும் சொல்லாதது அப்போது வெளியே வரும்.

இங்கே மருத்துவத் தொழிலில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கோபம் எல்லாம் ரத்தச் சர்க்கரை தாழ்ந்தாலும் வரும். இன்சுலினோ கிளிபிசைடு மாதிரி சர்க்கரை நோய் மாத்திரையோ எடுக்கிறவர், காலையில் வெறும் காபியோடு வயலுக்குப் போய் பதினோரு மணிக்கு “நெர்வியோஸ் வந்துவிட்டது” என்று சொன்னால், முதலில் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். மனப்பதற்றத்துக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து, உண்மையில் காலைச் சாப்பாடு இல்லாததுதான் காரணம் என்று பின்னால் தெரிவது எத்தனையோ இடங்களில் நடக்கிறது. வயலுக்குப் போகும் பையில் கட்டாயம் இருக்க வேண்டியது: இரண்டு சோள டோர்டியாவில் சுருட்டிய பீன்ஸ், அவசரத்துக்கு ஒரு சின்னப் பழச்சாறு டப்பா.

இவ்வளவு பேசிய பிறகு ஒன்பது கேள்விப் படிவத்துக்குப் போகலாம். மனச்சோர்வை அளக்க எல்லா இடத்திலும் பயன்படும் பி.எச்.கியூ-9 தான் அது, ஸ்பானிஷிலும் கிடைக்கிறது. அதன் ஐந்தாவது கேள்வியே பசியின்மை அல்லது அதிகமாகச் சாப்பிடுவது பற்றியது. “நீங்கள் சொன்னீர்களே, பசி தெரிவதில்லை என்று, அதைப் பற்றித்தான் இதிலும் கேட்டிருக்கிறார்கள்” என்று அங்கே தொடங்கினால் மற்ற எட்டும் இயல்பாக வரும். எழுதத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மதிப்பெண் 10-ஐத் தொட்டால் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ அன்றே பேசுங்கள். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதற்கு ‘ஒரு நாளும் இல்லை’ தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும், அவரைத் தனியாக வீட்டுக்கு அனுப்பாதீர்கள். தன்னார்வலர்கள் இந்தப் படிவத்தைத் தொட வேண்டியதில்லை. ஆனால் 988 என்ற எண்ணை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2022 ஜூலையில் தொடங்கிய நெருக்கடி உதவி எண் இது. அழைத்து 2-ஐ அழுத்தினால் ஸ்பானிஷில் பேசுவார்கள்.

பணமா, மனமா

ஒருவர் நாள் முழுக்கச் சாப்பிடாமல் இரவில் மட்டும் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். வேலையில் நேரமே இல்லாமல் இருக்கலாம். ஊருக்கு அனுப்பப் பணம் மிச்சம் பிடிக்கலாம். ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் தங்கி, அடுப்பு தன் முறைக்கு வரும்போது இரவு பத்து ஆகிவிடலாம். அல்லது, எல்லோரும் தூங்கிய பிறகு, நிறுத்த முடியாமல், வெட்கப்பட்டுக்கொண்டே சாப்பிடலாம். கடைசியாகச் சொன்னது மட்டும்தான் உணவுக் கோளாறு. பிரித்துத் தெரிந்துகொள்ள, “நிறுத்த நினைத்தும் கை நிற்கவில்லை என்ற அனுபவம் உண்டா? அந்த நேரம் யாரும் பார்க்கக் கூடாது என்று இருக்குமா?” என்று மெதுவாகக் கேளுங்கள்.

வறுமையைக் கண்டறிய இரண்டு வாக்கியங்கள் போதும். கடந்த 12 மாதத்தில், மறுபடி வாங்கப் பணம் வருவதற்குள் சாப்பாடு தீர்ந்துவிடுமோ என்று கவலைப்பட்டதுண்டா? வாங்கிய சாப்பாடு போதாமல், மேலும் வாங்கப் பணம் இல்லாமல் போனதுண்டா? அடிக்கடி, சில சமயம், ஒருபோதும் இல்லை என்று மூன்று பதில்கள். இரண்டில் ஒன்றுக்கு ‘சில சமயம்’ என்று வந்தாலும் உணவுப் பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்ளலாம். தாய்மார்களிடம் ஒன்று கூடுதலாகக் கேட்பேன்: பிள்ளைகளுக்குப் போதவேண்டும் என்று நீங்கள் சாப்பிடாமல் இருந்தீர்களா?

உதவி என்னென்ன கிடைக்கும்? கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குமான ‘விக்’ என்ற உணவு உதவித் திட்டத்தில் குடியுரிமை பற்றிக் கேட்பதில்லை. 2009-இலிருந்து அதில் முழுதானியச் சோள டோர்டியாவும் வாங்கலாம். பள்ளிச் சாப்பாட்டுக்கும் குடியுரிமைக் கேள்வி கிடையாது. கலிஃபோர்னியாவில் 2022-23 கல்வியாண்டிலிருந்து எல்லா அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கும் காலை, மதியச் சாப்பாடு இலவசம். உணவு அட்டைத் திட்டமான ‘ஸ்னாப்’ வேறு விதம். குடியேற்ற ஆவணம் இல்லாதவர்களுக்கு அது கிடையாது. பச்சை அட்டை (கிரீன் கார்டு) வாங்கிய பெரியவர்கள் பலருக்கும் ஐந்து வருடக் காத்திருப்பு உண்டு. இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு அவர்கள் பெயரில் கிடைக்கலாம். உதவி வாங்கினால் பச்சை அட்டை போய்விடும் என்ற பயம் 2019-இல் வந்த விதியால் பெருகியது. அந்த விதி 2021-இல் விலக்கப்பட்டும் பயம் போகவில்லை. விதிகள் மறுபடியும் மறுபடியும் மாறுவதால், “ஒன்றும் ஆகாது, வாங்குங்கள்” என்று நாமாக உறுதி கொடுக்கக் கூடாது. இலவசக் குடியேற்றச் சட்ட உதவி மையத்தின் எண்ணைக் கொடுங்கள். அவருடைய குடியேற்ற நிலையைக் கேட்காதீர்கள். அவராகச் சொன்னாலும் குறிப்பேட்டில் எழுதாதீர்கள்.

2025 ஜூனில் லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேற்றத் துறையின் சோதனைகள் தொடங்கியபோது பலர் கடைக்குப் போகவே அஞ்சி வீட்டுக்குள் இருந்தார்கள். அந்தப் பயம் எங்கள் பள்ளத்தாக்கு வரை வந்தது. அப்போது தெரிந்துகொண்டதைத் தன்னார்வலர்களுக்குச் சொல்கிறேன். முகவரிகளை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சாமானை அவர்களுக்கு முகம் தெரிந்த ஒருவர் கொண்டு போகட்டும், முன்கூட்டியே அழைத்துச் சொல்லட்டும். பையில் டப்பா சூப்பும் மாக்கரோனியும் வேண்டாம். உலர்ந்த பீன்ஸ், டோர்டியாவுக்கான மாசா என்ற சோள மாவு, அரிசி, எண்ணெய், வெங்காயம், தக்காளி, மிளகாய், எலுமிச்சை வையுங்கள். எங்கள் உணவு வங்கியில் டப்பாக்கள் வாரக்கணக்கில் அலமாரியில் கிடக்கும், பிண்டோ பீன்ஸ் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

தட்டுக்கு வருவோம்

டோர்டியாவை நிறுத்தச் சொல்லாதீர்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறவிட்டு அரைப்பது அவர்களுடைய முன்னோர் கண்ட முறை. நாம் வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்புதான். அதனால் மாவில் கால்சியம் ஏறுகிறது, சோளத்துக்குள் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் உடலுக்குக் கிடைக்கிறது. சோளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த முறையை விட்டுவிட்ட ஊர்களில் பெலாக்ரா என்ற நோய் வந்தது. தோலோடு புத்தியையும் அது பாதித்தது. ஆறு அங்குலச் சோள டோர்டியா ஒன்றில் மாவுச்சத்து சுமார் 12 கிராம்தான். பத்து அங்குலக் கோதுமை டோர்டியாவில் சுமார் 35 கிராம் இருக்கும். ஆகவே கேட்க வேண்டியது எந்த மாவு, எத்தனை என்பதுதான். வேளைக்கு இரண்டு சோள டோர்டியாவும் ஒரு கரண்டி பீன்ஸும் நீரிழிவுக்காரருக்கும் நல்ல சாப்பாடு.

காய்கறியை அவர்கள் சமையலுக்கு வெளியே தேட வேண்டாம். நொபால் என்ற சப்பாத்திக்கள்ளியின் இளமடலை முள் நீக்கி வதக்குவார்கள். சயோட்டே என்பது நம் ஊர்ச் சௌசௌ, மெக்சிகோவிலிருந்துதான் நமக்கே வந்தது. வெர்தோலகாஸ் என்பது பருப்புக்கீரை. முதல் தடவை ஒரு அம்மாவிடம், எங்கள் வீட்டிலும் இந்தக் கீரை கடைவோம் என்று சொன்னபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு நான் சொன்னதை அவர் கேட்டார், அவர் சொன்னதை நானும் கேட்டேன். பல மையங்களில் கீன்வாவும் ஆலிவ் எண்ணெயும் போட்ட அச்சிட்ட தாளைக் கொடுக்கிறார்கள். கீன்வா ஆண்டீஸ் மலைத்தானியம். பெரூக்காரருக்கும் பொலிவியாக்காரருக்கும் அது வீட்டுச் சாப்பாடு. மிச்சோவகான் பெண்ணுக்கு நமக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தெரியும்.

குறைக்க வேண்டியது பானங்களை. வெயிலில் வேலை செய்கிறவர் ஒரு நாளில் குடிக்கும் சோடாவும் எனர்ஜி பானமும் மொத்தச் சாப்பாட்டைவிட அதிகச் சர்க்கரையைத் தரும். ஒரே நாளில் நிறுத்தச் சொன்னால் நடக்காது, எனர்ஜி பானத்தின் காஃபீனை விட்டால் தலைவலியும் வரும். ஒரு சோடாவுக்குப் பதில் சர்க்கரை குறைத்த ஹமாய்க்கா என்று தொடங்கலாம். அது புளிச்சைக்கீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லிகளை ஊறவைத்த பானம். தனியாக இருக்கும் ஆண்களிடம் பீரைப் பற்றியும் கேளுங்கள், வாரக்கடைசியைத் தனியாகக் கேளுங்கள்.

யாரோடு

நான் எழுதிக்கொடுக்கும் சீட்டில் முதல் வரி எப்போதும் ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு ஆள், ஒரு கிழமை. “ஞாயிறு மதியம், கொமாத்ரே வீட்டில், பொசோலே” என்கிற அளவுக்குத் திட்டமாக. பொசோலே என்பது சோளமும் இறைச்சியும் போட்ட சூப். கொமாத்ரே என்பவர் பிள்ளையின் ஞானத்தாய், உடன்பிறந்தவள் மாதிரி உரிமை உள்ளவர். யாருமே இல்லை என்பவருக்குத் தேவாலயச் சமையல்கூடம், ஒரே ஊர்க்காரர்கள் கூடும் சங்கம், எங்கள் மையத்தின் ப்ரொமோத்தோரா என்று தேடித் தருகிறோம். ப்ரொமோத்தோராக்கள் அந்தச் சமூகத்திலிருந்தே வந்து பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள். நான் ஒரு மாதத்தில் பெறும் நம்பிக்கையை ஒரு மதியத்தில் பெறுவார்கள். ஊரில் இருக்கும் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டே சமைக்கலாம், சாப்பிடலாம். இங்கிருந்து நம் ஊருக்குப் பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் குறையாத வித்தியாசம். அவர்களுக்கு மத்திய மெக்சிகோவோடு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம்தான். இரண்டு வீட்டிலும் இரவுச் சாப்பாடு ஒரே நேரத்தில் நடக்க முடியும்.

வளரும் பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் வேண்டும். தட்டில் மீதம் வைத்தால் அம்மாவுக்கு மனம் நோகும். பள்ளியில் தோழிகள் கலோரி எண்ணுவார்கள். பாசமாக ‘கோர்தித்தா’ (குண்டுக் குட்டி) என்று கூப்பிடுவதை மகள் வேறு மாதிரி எடுத்துக்கொள்வாள். இருவரையும் தனித்தனியாகப் பேசவையுங்கள். எடை குறைந்ததைப் பாராட்டாதீர்கள், காரணம் தெரியும்வரை. சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போவது, வாந்தி, மாதவிலக்கு நிற்பது, எடைக்காகவோ செலவுக்காகவோ இன்சுலினைத் தவிர்ப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உணவு ஆலோசனையோடு நிறுத்தாமல் அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு. எடையையும் சர்க்கரையையும் கடைசியில் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை போனீர்களா, யார் சமைத்தார்கள், உட்கார்ந்து சாப்பிட்டீர்களா என்பது முதலில். போகவில்லை என்றால் அடுத்த ஞாயிறுக்கு ப்ரொமோத்தோராவே கூட்டிப் போக ஏற்பாடு செய்யுங்கள். ஒன்பது கேள்விப் படிவத்தை நாலைந்து வாரத்தில் மறுபடி போடுங்கள். மதிப்பெண் இறங்கவில்லை என்றால் மருந்தோ பேச்சு சிகிச்சையோ தேவைப்படும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. பசியின்மையும் தூக்கமின்மையும் சேர்ந்திருப்பவருக்கு மிர்டாசபின் போலப் பசியைத் தூண்டும் மருந்தும் உண்டு, அது எடையையும் ஏற்றலாம். மருத்துவர் மருந்தைத் தீர்மானிக்கும் முன்பே சாப்பாட்டு விவரம் அவர் கைக்குப் போய்ச் சேரட்டும். குழுவாகச் சமையல் வகுப்பு நடத்துவதாக இருந்தால் மாலை ஆறரைக்கு வையுங்கள், குழந்தைகளை உள்ளே விடுங்கள், செப்டம்பரில் வேண்டாம். அப்போது உலர்திராட்சை அறுவடை, யாராலும் வர முடியாது.